அம்மாவின் எல்பிஏ கட்டணம்: யாருடைய வருமானம் பார்ப்பார்கள்?

அம்மாவின் எல்பிஏ (லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி: தன்னால் முடியாதபோது தனக்காக முடிவெடுக்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) கட்டணத்தில் சலுகை கேட்டால் உங்கள் சம்பளத்தையும் பார்ப்பார்களா என்று கேட்டீர்கள்; பார்க்கவே மாட்டார்கள். இங்கிலாந்தில் எல்பிஏ கட்டணச் சலுகைக்கு, அதிகாரம் கொடுப்பவரின் வருமானம்தான் கணக்கு. அதாவது அம்மாவுடையது மட்டும். பணம் உங்கள் கார்டிலிருந்து போனாலும் அதே விதிதான்.

குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான அரசு உதவித்தொகையான பென்ஷன் கிரெடிட் வாங்கியும் அம்மாவுக்குக் கட்டண விலக்கு மறுக்கப்பட்டது என்கிறீர்கள். நான் முதலில் சந்தேகப்படுவது ஆதாரமாகக் காட்டிய பென்ஷன் கிரெடிட் கடிதத்தைத்தான். பென்ஷன் கிரெடிட்டில் இரண்டு பகுதி உண்டு: கேரன்டி கிரெடிட், சேவிங்ஸ் கிரெடிட். கேரன்டி இருந்தால்தான் முழு விலக்கு. சேவிங்ஸ் மட்டும் வருகிறவர்களுக்கு அந்த வழியில் கிடையாது. பெயர் ஒன்றாக இருப்பதால் நிறையப் பேர் இதில் ஏமாந்துபோகிறார்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது:

1. கடிதத்தில் 'கேரன்டி' என்ற சொல், அம்மாவின் முழுப்பெயர், முகவரி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புதுக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

2. சேவிங்ஸ் மட்டும்தான் என்றால், வரிக்கு முந்தைய ஆண்டு வருமானம் 12,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் பாதிக் கட்டணம். 2025 நவம்பரிலிருந்து ஒரு பத்திரத்துக்கு 92 பவுண்டு, அதனால் 46. சொத்துக்கு ஒன்று, உடல்நலத்துக்கு ஒன்று என்று இரண்டும் போட்டால் 92.

3. முழு விலக்கு, பாதிக் கட்டணம் இரண்டுக்கும் எல்பிஏ120 படிவம்தான். ஆதாரக் கடிதத்தின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.

ஒன்று மட்டும்: அம்மாவுக்கு மறதி தொடங்கியிருந்தால் கட்டணத்துக்காகக் கையெழுத்தைத் தள்ளிப்போடாதீர்கள். விவரம் புரிந்து கையெழுத்துப் போட முடியாத நிலை வந்துவிட்டால் எல்பிஏ போடவே முடியாது. அப்புறம் அவர் சார்பில் முடிவெடுக்க அனுமதி தரும் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் புரொடெக்‌ஷன்தான், அதன் செலவும் காத்திருப்பும் வேறு ரகம்.