எட்டாம் தலைமுறை ஐ5 மடிக்கணினியில் மேக் ஓஎஸ் நிறுவ முடியுமா? டச்பேட், வைஃபை, ஒலி எல்லாம் வேலை செய்யுமா?

முடியும். ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில், ஏறக்குறைய நீங்கள் சொல்லும் அதே வகைக் கணினியில் செய்திருக்கிறேன். ஐ5 8250யூ ப்ராசஸர், 8 ஜிபி நினைவகம், கூடவே என்விடியா எம்எக்ஸ்150 என்ற தனி கிராஃபிக்ஸ் சில்லு. இரண்டு ஆண்டுகளாக அதில்தான் வேலை செய்கிறேன்.

நீங்கள் சேலத்தில் படிக்கிறீர்கள், ஐபோன் செயலி எழுதக் கற்க, மேக்கில் மட்டுமே ஓடும் ஆப்பிளின் எக்ஸ்கோடு மென்பொருள் வேண்டும், புது மேக் வாங்கப் பணமில்லை, கடைக்காரர் ஒருவர் எல்லாம் தயாராக உள்ள பென் டிரைவ் தருவதாகச் சொல்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வாங்காதீர்கள். யாரோ திருத்திய இயங்குதளத்தில் உங்கள் கடவுச்சொற்களைத் தட்டச்சு செய்யப் போகிறீர்கள். அதில் என்ன சேர்த்தார்கள், எதை நீக்கினார்கள் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. இயங்குதளத்தை ஆப்பிளின் சர்வரிலிருந்தே நேரடியாக இறக்கிக்கொள்ள வழியிருக்கிறது.

சரி, இயங்குதளம் அசலாக இருந்து, கணினி எழும்போது முதலில் படிக்கும் இஎஃப்ஐ கோப்புறையை மட்டும் வேறொருவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. என் கணினியின் அதே மாடல் எண்ணுக்கு ஒருவர் செய்து வைத்த கோப்புறை கிடைத்தது. மூன்று வாரம் அதோடு போராடினேன். ஒரே மாடல் பெயரில் விற்கும் கணினிகளிலேயே டச்பேட் வேறு, வைஃபை அட்டை வேறு, ஒலிச் சில்லு வேறு என்று இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கடைசியில் அதை அழித்துவிட்டு, ஓப்பன்கோர் என்ற தொடக்க நிரலின் (பூட்லோடர்) வழிகாட்டியை முதல் பக்கத்திலிருந்து படித்து, என் கணினிக்கென்று ஒன்றை நானே கட்டினேன். அதற்கு ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளில் கற்றதுதான் இன்றுவரை ஒவ்வொரு பழுதின்போதும் கைகொடுக்கிறது.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்று புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். ஆப்பிள் 2006 முதல் இன்டெல் ப்ராசஸர்களோடு மேக் விற்றது. அதனால் உங்கள் கணினியின் இன்டெல் கிராஃபிக்ஸுக்கு நெருங்கிய உறவான ஒன்றுக்கு வேண்டிய இயக்கி (டிரைவர்) மேக் ஓஎஸ்ஸுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. ஓப்பன்கோர் செய்வது, இயங்குதளம் எழுவதற்கு முன்பே அதற்கு வேண்டிய தகவல்களைத் தந்து, 'இது இன்ன மேக்புக்' என்று அறிமுகப்படுத்துவது. உங்களுடைய எட்டாம் தலைமுறைக்கு மேக்புக் ப்ரோ 15,2 என்ற அடையாளம் பொருந்தும். கெக்ஸ்ட் எனப்படும் சிறு இயக்கிகள் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. லிலு அடித்தளம். அதன் மேல் கிராஃபிக்ஸுக்கு வாட்டெவர்கிரீன், ஒலிக்கு ஆப்பிள்ஏஎல்சி, மேக்கில் மட்டும் இருக்கும் எஸ்எம்சி சில்லுக்குப் பதிலாக விர்ச்சுவல்எஸ்எம்சி.

உங்களுக்கு எட்டாம் தலைமுறை வாய்த்தது நல்ல விஷயம். பதினோராம் தலைமுறையிலிருந்து வரும் இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ் கொண்ட மேக்கை ஆப்பிள் வெளியிடவே இல்லை. எனவே இயக்கியும் இல்லை. அந்தக் கணினி வைத்திருப்பவர்கள் இதில் இறங்கி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்) அமைப்பை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். செக்யூர் பூட்டை நிறுத்துங்கள். சிஎஸ்எம் என்ற பழைய தொடக்க முறையை நிறுத்துங்கள். வட்டு ரெய்டு அல்லது ஆப்டேன் முறையில் இருந்தால் ஏஹெச்சிஐக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் மேக் ஓஎஸ் கண்ணுக்கு வட்டே தெரியாது. விண்டோஸும் அதே வட்டில் வேண்டுமென்றால், ஏஹெச்சிஐக்கு மாற்றும் முன் விண்டோஸைப் பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) எழ வைக்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் அது எழாது. எல்லாவற்றுக்கும் முன்பாக, உங்கள் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்துவிடுங்கள்.

எனக்கு முதல் பெரிய தடை கிராஃபிக்ஸில் வந்தது. வெள்ளை எழுத்து வரிகள் ஓடும், ஆப்பிள் சின்னம் பாதி நிறையும், பிறகு கணினி தானாகவே மறுபடி தொடங்கும். காரணம் டிவிஎம்டி. கிராஃபிக்ஸுக்கென்று பயாஸ் ஒதுக்கி வைக்கும் நினைவகம் அது. மேக் ஓஎஸ் 64 எம்பி எதிர்பார்க்கிறது. என் கணினியின் பயாஸ் 32 எம்பிதான் தருகிறது, மாற்றும் வசதியும் அதில் இல்லை. இதற்கு வாட்டெவர்கிரீனில் தீர்வு உண்டு: ஓப்பன்கோரின் கான்ஃபிக் கோப்பில் ஸ்டோலன்மெம் அளவை 19 எம்பி, எஃப்பிமெம் அளவை 9 எம்பி என்று குறைத்து எழுதினால் 32க்குள் அடங்கிவிடும். எழுதினேன், அடுத்த தொடக்கத்திலேயே நிறுவல் திரை வந்துவிட்டது. இரவு பதினொரு மணி, வெளியே கடும் மூடுபனி. வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன்.

அந்தத் திரை வந்த பிறகும் ஒரு சிக்கல். மேக்ரெகவரி என்ற சிறு நிரல் ஆப்பிளின் சர்வரிலிருந்து பென் டிரைவுக்கு இறக்குவது மீட்புப் பகுதியை மட்டுமே. முழு இயங்குதளத்தையும் நிறுவும் நேரத்தில்தான் அது இணையத்திலிருந்து எடுக்கும். பத்து ஜிபிக்கு மேல் வரும். எங்கள் பக்கத்தில் சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பியில் விழுந்தாலே மின்சாரம் போய்விடும். மின்சாரம் இருக்கும்போதும் இணைய வேகம் நிலையாக இருக்காது. வைஃபை இன்னும் வேலை செய்யாத நிலை வேறு. அதனால் கணினியை எடுத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, சேலம் அஸ்தம்பட்டியில் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அங்கே ரவுட்டரிலிருந்து லேன் கம்பியை நேராகக் கணினியில் செருகினேன். ரியல்டெக் 8111 கம்பி இணைப்புக்குக் கெக்ஸ்ட் இருக்கிறது, முதல் முயற்சியிலேயே இணைந்தது. நீங்கள் சேலத்திலேயே இருப்பதால் இந்த அலைச்சல் உங்களுக்கு இல்லை. ஆனால் கம்பி இணைப்பு ஒன்றை ஏற்பாடு செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

வழியில் 'ஸ்டில் வெயிட்டிங் ஃபார் ரூட் டிவைஸ்' என்று வந்து நின்றால், பென் டிரைவையோ வட்டையோ இயங்குதளத்தால் பார்க்க முடியவில்லை என்று பொருள். யுஎஸ்பி துளையை மாற்றிப் பாருங்கள், ஏஹெச்சிஐ அமைப்பை மறுபடி சரிபாருங்கள்.

இனி நீங்கள் கேட்ட மூன்று பாகங்கள்.

டச்பேட் இரண்டு வழிகளில் கணினியோடு பேசும். பழைய பிஎஸ்2 வழி என்றால் வூடூபிஎஸ்2 கெக்ஸ்ட் போதும். ஐ2சி வழி என்றால் வூடூஐ2சி, அதோடு அதன் துணைக் கெக்ஸ்ட் ஒன்று. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் 'ஐ2சி எச்ஐடி டிவைஸ்' என்று தெரிந்தால் இரண்டாவது வகை. என்னுடையது அந்த வகைதான். கெக்ஸ்ட் இருந்தும் விரல் அசைவை அது உணரவில்லை. டச்பேட் தன் சமிக்ஞையை அனுப்பும் கம்பியை என் பயாஸ் மேக் ஓஎஸ்ஸுக்குச் சரியாகச் சொல்லவில்லை. அதைத் திருத்த, வன்பொருள் விவரத்தை இயங்குதளத்துக்குச் சொல்லும் எஸ்எஸ்டிடி கோப்பு ஒன்று எழுத வேண்டும். உடனடி வழியும் உண்டு: தொடக்கக் கட்டளையில் போலிங் முறையைக் கட்டாயமாக்கினால், சமிக்ஞைக்குக் காத்திராமல் இயக்கியே அடிக்கடி போய்க் கேட்டுக்கொண்டிருக்கும். ப்ராசஸருக்கு அது கொஞ்சம் சுமை. நான் ஒரு மாதம் அப்படியே ஓட்டி, பிறகு எஸ்எஸ்டிடி எழுதிச் சரிசெய்தேன். மூன்று விரல், நான்கு விரல் அசைவுகள் எல்லாம் இப்போது அருமையாக வேலை செய்கின்றன.

ஒலியில் அறிவைவிடப் பொறுமை அதிகம் வேண்டும். ஒவ்வொரு ரியல்டெக் சில்லுக்கும் ஆப்பிள்ஏஎல்சியில் பல லேஅவுட் எண்கள் இருக்கும். உங்கள் சில்லுக்குரிய எண்களைக் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டு, மறுதொடக்கம் செய்து கேட்டுப் பார்க்க வேண்டும். ஒலிபெருக்கி வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். ஹெட்போனைச் செருகி எடுங்கள், மைக்கில் பேசிப் பாருங்கள். எனக்கு ஓர் எண்ணில் ஒலிபெருக்கி வந்தது, மைக் வரவில்லை. மூன்றாவது எண்ணில்தான் எல்லாம் வந்தன.

வைஃபை இன்டெல் அட்டை என்றால் நல்ல செய்தி. ஆப்பிள் எந்த மேக்கிலும் இன்டெல் வைஃபை போட்டதில்லை. ஆனால் தன்னார்வலர்கள் ஐடிஎல்டபிள்யூஎம் என்ற கெக்ஸ்ட்டை எழுதியிருக்கிறார்கள். ஹெலிபோர்ட் என்ற செயலியோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். மேக் ஓஎஸ் அதைக் கம்பி இணைப்பு என்றே நினைத்துக்கொள்ளும், அதனால் ஆப்பிள் சாதனங்களுக்கிடையே கோப்பு அனுப்பும் ஏர்டிராப் வராது. செயலி எழுதக் கற்பதற்கு அது தடையில்லை. பிராட்காம் அட்டை வாங்கி மாற்றச் சொல்லும் பழைய அறிவுரைகள் நிறைய கிடைக்கும். 2023இல் வந்த மேக் ஓஎஸ் சொனோமா பதிப்பிலேயே ஆப்பிள் அந்தப் பழைய பிராட்காம் அட்டைகளுக்கான ஆதரவை நீக்கிவிட்டது. அதற்குச் செலவு செய்யாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும்: கணினியின் உறக்கம் (ஸ்லீப்). ஒருநாள் மூடியை மூடிக் கணினியைப் பையில் வைத்துக்கொண்டு ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கினேன். சேலம் புதிய பேருந்து நிலையத்தில் பையைத் திறந்தபோது கணினி தொட முடியாத சூட்டில் இருந்தது, பேட்டரி முழுக்கத் தீர்ந்திருந்தது. உண்மையிலேயே பயந்துவிட்டேன். அது வழி முழுக்க உறங்கவே இல்லை. காரணம் இரண்டு. மேக் ஓஎஸ்ஸுக்குப் பயன்படாத எம்எக்ஸ்150ஐத் தொடக்கக் கட்டளையால் மறைத்திருந்தேன். மறைத்தால் இயங்குதளம் அதைப் பார்க்காது, ஆனால் அது மின்சாரம் குடித்துக்கொண்டேதான் இருக்கும். எஸ்எஸ்டிடி கோப்பு மூலம் அதன் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும். இரண்டாவது, யுஎஸ்பி துளைகளை நான் வரையறுக்கவில்லை. மேக் ஓஎஸ் ஒரு கட்டுப்படுத்திக்கு 15 துளைகள்தான் ஏற்கும். அதோடு கணினிக்குள்ளேயே இருக்கும் புளூடூத்தை 'உள்துளை' என்று குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் அதுவே கணினியை எழுப்பிவிடும். யுஎஸ்பிடூல்பாக்ஸ் கொண்டு விண்டோஸிலேயே இதைச் செய்யலாம். இரண்டையும் சரிசெய்த பிறகு நன்றாக உறங்குகிறது. இரண்டு மணி நேரம்கூட நிற்காத பேட்டரி நான்கு மணி நேரம் தாண்டுகிறது.

கைரேகை உணரி வேலை செய்யாது, அதற்கு வழியே இல்லை. சில கணினிகளில் எச்டிஎம்ஐ துளை என்விடியாவோடு இணைந்திருக்கும். அப்படியிருந்தால் வெளித்திரையும் கிடைக்காது.

சட்டத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. மேக் ஓஎஸ்ஸின் உரிம ஒப்பந்தம் ஆப்பிள் கணினிகளில் மட்டுமே நிறுவ அனுமதிக்கிறது. இப்படிக் கணினிகளைச் செய்து விற்ற சைஸ்டார் நிறுவனம் 2009இல் அமெரிக்க நீதிமன்றத்தில் தோற்றது. உங்கள் கணினியில், உங்கள் படிப்புக்கு என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறருக்கு நிறுவிக் கொடுத்துப் பணம் வாங்காதீர்கள்.

இதன் ஆயுளும் குறைவு. 2025இல் வந்த டாஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது. நீங்கள் அதற்கு முந்தைய செக்கோயாவை நிறுவுங்கள். எக்ஸ்கோடு 26 வந்தபோது அதற்குச் செக்கோயா 15.6 போதுமாக இருந்தது. ஸ்விஃப்ட் மொழியைக் கற்க, சிமுலேட்டரில் (கணினித் திரையிலேயே வரும் போலி ஐபோன்) செயலியை ஓட்டிப் பார்க்க, அது தாராளமாக உதவும். 8 ஜிபி நினைவகத்தில் சிமுலேட்டர் திணறும். இடமிருந்தால் 16 ஆக்குங்கள், நீங்கள் செய்யும் செலவிலேயே பயன் மிக்கது அதுதான். செயலியை விற்கும் நிலைக்கு நீங்கள் வரும்போது உண்மையான மேக் ஒன்று வாங்கத்தான் வேண்டும். எம்4 மேக் மினி 2024இல் இந்தியாவில் 59,900 ரூபாய்க்கு வந்தது.

இன்று இரவு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து கிராஃபிக்ஸ், ஒலிச் சில்லு, வைஃபை அட்டை, கம்பி இணைப்பு, டச்பேட், வட்டு ஆகிய ஆறின் முழுப் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஓப்பன்கோர் வழிகாட்டியில் ஒவ்வொரு பக்கமும் கேட்கப்போவது அந்தத் தாளில் உள்ளதைத்தான்.