எடி கெரேரோவுக்காக ரசிகர்கள் ஏன் இன்னும் அழுகிறார்கள்?

"ரெஸ்லிங்கில் யார் ஜெயிப்பார் என்பது முன்கூட்டியே முடிவு செய்தது. அது தெரிந்தும், எடி கெரேரோ இறந்து இத்தனை வருடம் கழித்தும் ரசிகர்கள் ஏன் அவருக்காக அழுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அழுகிறவர்களில் நானும் ஒருவன், அதனால் சொல்கிறேன். எடி, அமெரிக்காவின் டபிள்யூடபிள்யூஈ ரெஸ்லிங் நிகழ்ச்சிகளில் ஆடி, 2005இல் இறந்துபோன வீரர்.

முதலில் அவருடைய நாற்காலி வித்தையைச் சொல்ல வேண்டும். நடுவர் வேறு பக்கம் திரும்பியிருப்பார். எடி கையில் ஒரு இரும்பு நாற்காலி. அதை வைத்து எதிராளியை அடிக்க மாட்டார். ரிங்கின் தரையில் ஓங்கி ஒரு அடி, அரங்கம் முழுக்கச் சத்தம் கேட்கும். உடனே நாற்காலியை எதிராளியின் கையில் தூக்கிப் போட்டுவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து விழுந்துவிடுவார். நடுவர் திரும்பிப் பார்த்தால் எதிராளி கையில் நாற்காலி, எடி தரையில். எதிராளிக்குத் தகுதி நீக்கம், எடிக்கு வெற்றி!

இதைச் செய்வதற்கு முன்னால் கூட்டத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார். எல்லாம் அந்தச் சிரிப்பில்தான் இருக்கிறது. நடுவரைத் தவிர அங்கே இருக்கிற அத்தனை பேருக்கும் நடந்தது தெரியும், ஒருவரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். டிவியில் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும் அப்படித்தான், அவர் செய்த களவாணித்தனத்தில் எங்களுக்கும் பங்கு இருப்பதாகவே தோன்றும். "பொய் சொல்வோம், ஏமாற்றுவோம், திருடுவோம்" என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு, அண்ணன் மகன் சாவோவோடு சேர்ந்து வந்த மனிதரை வில்லனாகப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. சேர்ந்து குறும்பு செய்தவர் திடீரென்று செத்துப்போனால் அது எப்படி வெறும் டிவி நிகழ்ச்சியாக இருக்கும்?

அப்புறம் அவருடைய சொந்த வாழ்க்கை. 1967இல் டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரில் பிறந்தவர். அப்பா கோரி கெரேரோ மெக்சிகோவில் பெயர் பெற்ற மல்யுத்த வீரர், அண்ணன்மார் மூன்று பேரும் அதே தொழில். திறமைக்குக் குறைவே இல்லை. ஆனால் குடியும் போதை மாத்திரையும் அவரைப் பாதி அழித்துவிட்டன. 1999 புத்தாண்டு அன்று கார் விபத்தில் சாகப் பிழைத்தார். 2001 நவம்பரில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானதும் டபிள்யூடபிள்யூஈ நிறுவனம் (அப்போது அதற்கு டபிள்யூடபிள்யூஎஃப் என்று பெயர்) அவரை வேலையை விட்டு அனுப்பியது. அங்கிருந்து குடியை விட்டு, சின்னச் சின்ன அரங்குகளில் ஆடி, 2002இல் திரும்பி வந்தார்.

இதெல்லாம் ரசிகர்களுக்குத் தெரியும். ரிங்கிலேயே மைக்கைப் பிடித்துத் தன் போதைப் பழக்கத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். அதனால்தான் 2004 பிப்ரவரி 15, சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய கௌ பேலஸ் அரங்கில் பிராக் லெஸ்னரை வீழ்த்தி உலக சாம்பியன் ஆன இரவு அப்படி ஒரு இரவாக இருந்தது. லெஸ்னர் அவரைவிட அரை அடிக்கும் மேல் உயரம், உடம்பெல்லாம் பாறை. லெஸ்னர் தூக்கி வீசப்போன நேரத்தில், எடி அவருடைய தலையைப் பிடித்து, கீழே கிடந்த சாம்பியன் பெல்ட்டின் மேல் மோத வைத்தார். பிறகு மூலைக் கயிற்றின் மேல் ஏறி, உடம்பைச் சுருக்கி விரித்துப் பாயும் ஃப்ராக் ஸ்ப்ளாஷ். லெஸ்னரை அமுக்கிப் பிடித்து நடுவர் மூன்று எண்ணியதும் பெல்ட்டோடு கூட்டத்துக்குள்ளேயே குதித்துவிட்டார். எடி ஜெயிக்க வேண்டும் என்று யாரோ ஒரு அறையில் உட்கார்ந்து முடிவு செய்திருப்பார்கள்தான். ஆனால் குடியிலிருந்து மீண்டு வந்ததை யார் எழுதிக் கொடுத்தார்கள்? அந்த ஃப்ராக் ஸ்ப்ளாஷுக்குப் பின்னாலும் ஒரு சாவு இருக்கிறது. மெக்சிகோவில் அவருடைய ஜோடியாக ஆடிய ஆர்ட் பார் 1994இல் இறந்துபோனார். அவர் போட்டுவந்த அந்தப் பாய்ச்சலை அவருடைய நினைவாகத்தான் எடி தன்னுடையதாக எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம், நிறுவனத்தின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா 20இல் கர்ட் ஆங்கிளிடம் செய்தது இன்னொரு அழகு. ஆங்கிள் கணுக்காலை முறுக்கித்தான் ஜெயிப்பார் என்பது ஊருக்கே தெரியும். எடி சத்தமில்லாமல் தன் பூட்ஸ் கயிற்றைத் தளர்த்தி வைத்துக்கொண்டார். ஆங்கிள் காலைப் பிடித்து முறுக்க, பூட்ஸ் மட்டும் கையோடு வந்துவிட்டது. அவர் திகைத்து நின்ற அந்த நொடியில் எடி அவரைச் சுருட்டிப் போட்டு ஜெயித்துவிட்டார். அதே இரவின் கடைசியில் எடியும் அவருடைய நண்பரும் சக வீரருமான கிறிஸ் பென்வாவும் கட்டிப்பிடித்து நின்ற காட்சியும் உண்டு. 2007இல் பென்வா மனைவியையும் மகனையும் கொன்று தானும் இறந்த பிறகு அதைப் பார்க்க என்னால் முடிவதில்லை. பல ரசிகர்களுக்கும் அப்படித்தான்.

2005 அக்டோபர் 9, எடியின் 38வது பிறந்தநாள். அன்று பட்டிஸ்டாவுடன் உலக சாம்பியன்ஷிப் ஆட்டம். நாற்காலி கையில் கிடைத்தும் அதைப் பயன்படுத்தாமல் விட்டார், நேர்மையாகத் தோற்றார். எடி திருந்திவிட்டாரா, நடிக்கிறாரா என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். நவம்பர் 11 அன்று ஒளிபரப்பான ஸ்மாக்டவுன் என்ற வாராந்திர டிவி நிகழ்ச்சியில் மிஸ்டர் கென்னடியோடு ஆடியபோது பழைய நாற்காலி வித்தை திரும்பி வந்தது. அதுதான் அவருடைய கடைசி ஆட்டம்.

நவம்பர் 13 காலை மினியாபொலிஸில் ஒரு ஹோட்டல் அறையில் சாவோதான் அவரைக் கண்டெடுத்தார். இதய ரத்தக் குழாய் அடைப்பு நோயால் இதயம் நின்றுபோயிருந்தது. குடியை விட்டு நான்கு வருடம் முடித்ததை அப்போதுதான் கொண்டாடியிருந்தார் என்று சாவோ சொன்னார். அதைக் கேட்டபோது வந்த அழுகை வேறு.

அன்று இரவே அந்த ஊரில் நிறுவனத்தின் வாராந்திர நிகழ்ச்சிகளான ரா, ஸ்மாக்டவுன் இரண்டும் அஞ்சலி நிகழ்ச்சிகளாகப் பதிவாயின. எல்லா வீரர்களும் மேடையில் வரிசையாக நிற்க, மணி பத்து முறை அடித்தது. ஹீரோவும் வில்லனும் பக்கத்தில் பக்கத்தில் அழுதுகொண்டு நின்றார்கள். மெக்சிகோ ஆட்களை இழிவாகப் பேசும் வேடத்தில் எடியோடு ரத்தம் சொட்டச் சொட்ட மோதிய ஜேபிஎல்லும் அழுதார். சாவோ அப்போது தன் லத்தீன் அடையாளத்தையே மறுக்கும் கெர்வின் வைட் என்ற வேடத்தில் நடித்துக்கொண்டிருந்தார். அன்றோடு அதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சொந்தப் பெயரில் வந்தார். இந்த நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டு "இது வேஷம்தானே" என்று கேட்க யாருக்கும் வாய் வராது.

நிறுவனத்தின் மேல் எனக்கு இன்னும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. 2006இல் எடியின் நண்பரான முகமூடி வீரர் ரே மிஸ்டீரியோ, பல வீரர்கள் ஒன்றாக மோதும் ராயல் ரம்பிள் ஆட்டத்தை வென்று, ரெஸில்மேனியா 22இல் சாம்பியன் ஆகி, எல்லாவற்றையும் எடிக்குச் சமர்ப்பித்தார். அதுவரை சரி. ஆனால் அந்தக் கதையைச் சூடாக்க, எடி நரகத்தில் இருக்கிறார் என்று ராண்டி ஆர்டன் என்ற வீரரைச் சொல்ல வைத்தார்கள். புதைத்துச் சில மாதமே ஆன மனிதரைப் பற்றி! அதே வருடம் தொடங்கிய வீரர்களுக்கான உடல்நலப் பரிசோதனைத் திட்டம்தான் இந்தச் சாவுக்குப் பிறகு நடந்த உருப்படியான காரியம்.

எடியை ரசிகர்கள் நினைத்துக்கொள்ளும் விதம் அழுகையோடு முடிவதில்லை. யாராவது நாற்காலியைத் தரையில் தட்டிவிட்டு எதிராளியிடம் வீசினால் அரங்கமே சிரித்து ஆரவாரம் செய்யும். எதிராளியைத் தூக்கிப் பின்னால் வீசும் சூப்ளெக்ஸை எடி மாதிரி மூன்று முறை அடுத்தடுத்துப் போட்டால் "எடி, எடி" என்று கத்துவார்கள். 2005இல் ரேயின் மகன் டொமினிக் உண்மையில் தன் பிள்ளை என்று எடி சொல்வதாக ஒரு கதை ஓடியது, அந்தப் பையனுக்காக ஏணி வைத்து ஒரு ஆட்டமே நடந்தது. இன்று டொமினிக் வளர்ந்து, தானும் வீரராகி, ஃப்ராக் ஸ்ப்ளாஷ் போட்டு எல்லோரையும் ஏமாற்றித் திரிகிறார். "எடி பிள்ளை என்பது நிஜம்தான்" என்று ரசிகர்கள் சிரிக்கிறார்கள். என் கண் கலங்குவது பெரும்பாலும் இந்தச் சிரிப்புக்கு நடுவில்தான்.

நீங்கள் எடியைப் பார்த்ததே இல்லை என்றால், அஞ்சலி நிகழ்ச்சியில் தொடங்காதீர்கள். 1997இல், டபிள்யூசிடபிள்யூ என்ற வேறு ரெஸ்லிங் நிறுவனத்தின் ஹாலோவீன் ஹேவக் நிகழ்ச்சியில் ரே மிஸ்டீரியோவோடு ஆடியதை முதலில் பாருங்கள். எடியின் பட்டமா, ரேயின் முகமூடியா என்று பந்தயம், எடி முழு வில்லன், கடைசியில் தோற்பார். அதற்குப் பிறகு லெஸ்னர் ஆட்டம், அப்புறம் கென்னடி ஆட்டம். அஞ்சலி நிகழ்ச்சி கடைசியாக இருக்கட்டும்.