வாசகர் கேள்வி: ஆனை பார்க்கப் போகிறவர்களுக்கு

கேள்வி: ஓகஸ்ட்டில் கனடாவிலிருந்து அண்ணா குடும்பம் வருகிறது. பிள்ளைகளுக்குக் காட்டு ஆனை பார்க்க வேண்டுமாம். எங்கே போகலாம்? ஒரே நாளில் போய்வர முடியுமா? (வாசகி, கொக்குவில்)

ஓகஸ்ட் என்றால் மின்னேரியா தேசியப் பூங்காதான். மகாசேன மன்னன் கட்டிய அங்குள்ள குளம் கோடையில் வற்ற, தண்ணீர் விலகிய தரையில் இளம்புல் முளைக்கும். சுற்றுக்காடு காய்ந்து கிடக்கிற மாதங்களில் புல்லும் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைப்பதால், யூலை முதல் செப்ரெம்பர் வரை யானைகள் அங்கே கூடும். நல்ல நாளில் இருநூறைத் தாண்டும். ஆனால் மொரகஹகந்த நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் வந்து குளம் நிரம்பிவிட்டால் புல் மூழ்கிவிடும். யானைகளும் பக்கத்துக் கவுடுல்ல பூங்காவுக்கு நடந்துவிடும். ஆகவே முற்பணம் கட்டும்போதே பூங்காவை முடிவு செய்துவிடாதீர்கள். முதல்நாள் பின்னேரம் ஹபரணை ஜீப்காரருக்குக் கோல் எடுத்து, “இன்றைக்கு எங்கே நின்றது?” என்று கேளுங்கள். மழைக்காலத்தில் வருகிறவர்களுக்கு ஹுருலு வனப்பூங்கா பொருந்தும்.

ஒரே நாள் பயணம் வேண்டாம். ஏ9 வழியே வவுனியா, மதவாச்சி, மிகிந்தலை, மரதன்கடவல என்று போய் ஹபரணைக்குத் திரும்ப, வானில் ஐந்து மணித்தியாலமாவது பிடிக்கும். யானைகள் காட்டிலிருந்து குளத்தடிக்கு இறங்குவது பின்னேரத்தில், அதனால் சவாரி இரண்டரைக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடியும். அதன்பின் இருட்டில் வீட்டுக்கு வெளிக்கிட்டால் ஹபரணை வீதியிலும் வவுனியாவுக்கு வடக்கேயும் நீங்கள் தேடிப்போன யானையே நடுறோட்டில் நிற்கும். கறுப்பு உடம்பு, கறுப்புத் தார். வெளிச்சம் படும்போது தூரம் மிஞ்சியிருக்காது. ஓர் இரவு தங்குங்கள்.

அடையாள அட்டை எல்லோரும் கொண்டுபோக வேண்டும். கனடாக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவருக்கு வெளிநாட்டார் கட்டணம், அது நம்முடையதைப் போலப் பல மடங்கு. அண்ணாவுக்கு இப்போதே சொல்லி வையுங்கள், வாசலில் நின்று தர்க்கப்பட்டுப் பயனில்லை.

கேள்வி: போன வருடம் எங்கள் ஜீப் மிகக் கிட்டப் போய், ஒரு தாய் யானை ஓடி வந்தது. எவ்வளவு தூரத்தில் நிற்பது சரி? (வாசகர், சுன்னாகம்)

குறைந்தது முப்பது மீற்றர். குட்டி நின்றால் ஐம்பது. ஆனால் மீற்றரைவிட யானை நல்ல அளவுகோல்.

நிம்மதியாக மேய்கிற யானையைப் பாருங்கள். முன்கால் நகத்தால் புல்லின் அடியை உதைத்துக் கிளப்பும். தும்பிக்கையால் சுருட்டி எடுத்து, காலில் இரண்டு தரம் அடித்து மண்ணை உதறி, பிறகுதான் வாயில் வைக்கும். காது தாளம் தப்பாமல் வீசிக்கொண்டிருக்கும். அந்தத் தாளம் நின்று, பிடித்த புல் தும்பிக்கையிலேயே தொங்கினால் அது உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள். அடுத்து தும்பிக்கை நுனி உங்கள் பக்கம் திரும்பி மணம் பிடிக்கும், வால் விறைக்கும், குட்டிகள் தாயின் வயிற்றடிக்குப் போகும், ஒரு முன்கால் முன்னும் பின்னுமாக ஆடும். காதை விரித்துத் தலையைத் தூக்குவது கடைசிக் கட்டம். அதற்கு முன்பே நீங்கள் அங்கிருந்து விலகியிருக்க வேண்டும்.

கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கசிவும் பின்கால்களில் ஈரமும் தெரிந்தால் மதம் கொண்ட ஆண். தந்தமில்லாத அலியனோ தந்தமுள்ள கொம்பனோ, படம் எடுக்க நிற்க வேண்டாம். (கொம்பன் நம் நாட்டில் அரிது. ஆண்களில் பத்துக்கு ஒன்றுகூட இல்லை.)

பெரும்பாலும் தப்பு நடப்பது ஒரு ஜீப்பால் அல்ல, பத்து ஜீப் அரைவட்டமாக அடைப்பதால். காட்டுக்கும் தண்ணீருக்கும் போகிற வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். பின்னால் இன்னொரு வாகனம் ஒட்டி நின்றால் உங்களுக்கும் பின்வாங்க இடமில்லை. சாரதி கிட்டப் போவது நீங்கள் கடைசியில் கொடுக்கிற சந்தோஷக் காசைப் பார்த்துத்தான். ஏறும் முன்பே “துரத்தாமல், தள்ளி நிறுத்தி, எஞ்சினை ஓஃப் பண்ணினால்தான் சந்தோஷக் காசு” என்று சொல்லிவிடுங்கள். வழக்கமாகச் சாரதிகளின் காதில் விழுவது “இன்னும் கிட்டப் போ” என்பதுதான்.

கேள்வி: கதிர்காமம் போகும்போது புத்தல வீதியில் யானை மறித்தால் வாழைப்பழம் கொடுக்கலாமா? (வாசகர், பருத்தித்துறை)

கூடாது. நேர்த்திக்குப் போகிற நாமே பழக்கிய பழக்கம் அது. ஒருவர் கொடுத்த சீப்புக்காக அடுத்த வாகனத்தின் கண்ணாடிக்குள் தும்பிக்கை வரும். பிறகு அந்த யானைக்குத்தான் “கெட்ட யானை” என்ற பெயர். மறித்தால் நூறு மீற்றர் முன்பே நிறுத்துங்கள். ஹோர்ன் வேண்டாம், ஹெட்லைற்றை மின்னவிட வேண்டாம், இறங்கவே வேண்டாம். அது நடந்து வந்தால் மெதுவாகப் பின்னெடுங்கள். பழத்தை மணம் வராதபடி கட்டி வையுங்கள்.

கேள்வி: ஹபரணையில் யானைச் சவாரி போகலாமா? குட்டிகளைப் பார்க்கப் பின்னவலை நல்லதா? (மாணவி, நல்லூர்)

சவாரி வேண்டாம். முதுகில் ஆளை ஏற்றி, இறங்கியதும் சங்கிலியில் கட்டுகிறார்கள். குட்டி பார்க்க உடவளவை. 1995இல் வனஜீவராசிகள் திணைக்களம் தொடங்கிய இடைத்தங்கல் நிலையம் அங்கே இருக்கிறது. தாயிழந்த குட்டிகளுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் கொடுத்து, வளர்ந்ததும் காட்டுக்கே விடுகிறார்கள். நாம் எட்டத்தில் நின்றுதான் பார்க்கலாம், தொட விடமாட்டார்கள். அதனாலேயே சிபாரிசு செய்கிறோம்.

கேள்வி: நீங்கள் ஆனையைப் பார்க்கச் சொல்கிறீர்கள். ஒட்டுசுட்டானில் எங்கள் வயலை அது விட்டுவைக்கவில்லை. சூரிய மின்வேலி போட்டும் உடைக்கிறது. ஏன்? (வாசகர், திருநெல்வேலி)

கோபம் நியாயம். முதலில் மண்கம்பியைப் பாருங்கள். யானையின் உடம்பால் இறங்கும் மின் நிலத்தால் திரும்பி வந்தால்தான் அடிக்கும். கோடையில் நிலம் காய்ந்தால் சுற்று முழுமையாகாது. துத்தநாகம் பூசிய கம்பிகள் குறைந்தது மூன்று, ஆளுயர ஆழத்துக்கு, மூன்று மீற்றர் இடைவெளியில் வேண்டும். வரட்சியில் அடியில் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டாவது, கம்பியில் முட்டுகிற புல்லும் கொடியும் மின்னை நிலத்துக்கு இறக்கிவிடும். கிழமைக்கு ஒருமுறை வெட்டி, வேலியின் கடைசி மூலையில் மின்வேலி வோல்ற்றுமானி வைத்துப் பாருங்கள். 6,000 வோல்ற்றுக்குக் கீழே என்றால் எங்கோ கசிகிறது. மூன்றாவது, யானை கம்பியைத் தொடாமல் கதியாலை உள்ளங்காலால் சாய்க்கப் பழகும். தூண்களின் வெளிப்பக்கத்திலும் மின்கம்பி நீட்ட வேண்டும். வீட்டு மின்சாரத்தை மட்டும் கொழுவாதீர்கள். அது யானையையும் கொல்லும், விடிய மாடு தேடிப் போகிற ஆளையும் கொல்லும்.

தனி வயலைச் சுற்றுவதைவிட, பக்கத்து வயல்காரர்கள் சேர்ந்து முழு வெளிக்கும் ஒரே வேலி விதைப்போடு போட்டு, அறுவடை முடியக் கழற்றுங்கள். அடுத்த போகம்வரை வேலி பராமரிக்கிற வேலையும் இல்லை, வயலில் மிஞ்சிய தாள் தின்ன வருகிற யானைக்கு அதை உடைக்கத் தேவையும் இல்லை.