ஓதமும் உப்பும்: கான்கிரீட் குறித்து வாசகர்கள் கேட்டவை

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டின் கொல்லைப் பக்கம், முப்பது ஆண்டுகளுக்கு முன்பு கான்கிரீட் தளம் போட்டுக் குளியலறை ஒன்று கட்டினோம். அப்போதே கிணற்றுக்கும் கம்பி வைத்த உறைகளை வார்த்து இறக்கினோம். இரண்டுக்கும் ஒரே கொத்தனார், ஒரே மணல், தெருவின் உவர்ப்பான போர்த் தண்ணீர். இன்று குளியலறையின் சன்ஷேடு வெடித்துக் கம்பி வெளியே தெரிகிறது. கிணற்றின் மேல் உறைகளும் விரிந்துவிட்டன. தூர் வாரும்போது பார்த்தால், எப்போதும் நீருக்குள் கிடக்கும் அடி உறைகள் மட்டும் முழுசாக இருக்கின்றன. உப்புதான் காரணம் என்றால் எல்லாமே கெட்டிருக்க வேண்டாமா?

பதில்: உங்கள் கிணறே பாதி விடையைக் காட்டிவிட்டது. உப்பு எல்லா உறைகளிலும் இருக்கிறது. அந்த உப்பு வேலை செய்வதற்கு வேண்டிய அளவு ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைத்த இடத்தில்தான் கம்பி துருப்பிடித்திருக்கிறது.

நல்ல கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை மிகுதி. அதன் நுண்துளைகளில் உள்ள நீரின் பி.எச். அளவு 12.5-க்கும் மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று உருவாகித் துருவைத் தடுத்து நிற்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஆங்காங்கே உடைத்துவிடுகிறது. உடைந்த இடத்தில் துரு வளர வேண்டுமானால் ஈரமும் ஆக்சிஜனும் வேண்டும். எப்போதும் நீரில் மூழ்கிய உறையின் நுண்துளைகள் நீரால் நிறைந்திருக்கின்றன; காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் பல்லாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும் என்பதால், அங்கே கம்பிக்கு அது எட்டுவது அரிது. முற்றிலும் உலர்ந்த கான்கிரீட்டிலோ ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும், மின்வேதி வினை நடப்பதற்கு வேண்டிய ஈரம் இல்லை. இடைப்பட்ட நிலைதான் கெடுதல். நுண்துளைகளில் ஈரப்பதம் ஏறத்தாழ 70 முதல் 90 விழுக்காடு வரை நிற்கும்போது துரு மிக வேகமாக வளர்கிறது. துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் மேல்பூச்சை வெடிக்க வைக்கிறது.

உங்கள் சன்ஷேடு ஐப்பசி, கார்த்திகையில் நனைந்து ஊறி, பங்குனி, சித்திரையில் காய்கிறது; குளியலறையாதலால் உள்ளேயிருந்து ஆவியும் அன்றாடம் ஏறுகிறது. மழைநீரை விரைவாக உறிஞ்சிக்கொள்ளும் கான்கிரீட், காயும்போது நீரை மட்டும் ஆவியாக வெளியேவிட்டு, அதில் கரைந்த உப்பை உள்ளேயே நிறுத்திக்கொள்கிறது. நீரேற்றமும் வற்றுதலும் மாறிமாறி நடக்கும் கிணற்றின் மேல் உறைகளுக்கும் இதே கதிதான்; அங்கே ஒவ்வொரு முறையும் உவர்நீரே ஏறுவதால் உப்பு இன்னும் கூடிப்போகிறது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். ஆகவே உப்பேறிய கான்கிரீட், மழை பெய்யாத நாளிலும் இரவுப் பனியிலேயே ஓதம் காத்துவிடும்.

இனிச் செய்ய வேண்டியது. வெடித்த இடத்தை மட்டும் கொத்திச் சிமெண்ட் அப்பிவிடும் வழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். புதிய பூச்சுக்குள் இருக்கும் கம்பி பாதுகாப்பாகிவிட, அதை ஒட்டிய பழைய, உப்பேறிய பகுதியிலுள்ள கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும்; இரண்டு மூன்று மழைக்காலங்களில் ஒட்டின் ஓரத்திலேயே அடுத்த வெடிப்பு தோன்றுவது இதனால்தான். சுத்தியலால் தட்டிக்கொண்டே போய், பொக்கென்று ஓசை கேட்கும் எல்லையையும் தாண்டிக் கொத்தி, கம்பியின் பின்புறமும் விரல் நுழையும் அளவு எடுத்து, துருவைப் பளபளப்பு வரும்வரை தேய்த்து நீக்கிய பிறகே புதுக் கலவை வைக்க வேண்டும். கம்பியின் கனம் வெகுவாகக் குறைந்திருந்தால் பொறியாளரிடம் காட்டாமல் தொடக் கூடாது. சன்ஷேடின் மேல்புறம் வெளிநோக்கிச் சரிவும், அடிப்புறத்தில் ஓரத்தை ஒட்டி நீளவாக்கில் ஒரு காடியும் இருந்தால் மழைநீர் அடிப்பக்கம் ஓடி ஊறாமல் அங்கேயே சொட்டிவிடும். நீரின் போக்குவரத்தைத் திருத்தாமல் செய்யும் எந்தப் பழுதுபார்ப்பும் நிற்காது.

கேள்வி: தேவகோட்டையில் எங்கள் வீட்டு முகப்புக் கான்கிரீட் தூண்களின் அடியில், முழங்கால் உயரம்வரை வெள்ளையாக உப்புப் பூத்துப் பொரிந்து உதிர்கிறது. பொங்கலுக்குள் நீர் புகாத பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார் பெயிண்டர். செய்யலாமா?

பதில்: இப்போது அடிக்க வேண்டாம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மண்ணின் ஈரம் உப்போடு தூணில் ஏறி, மேற்பரப்பில் ஆவியாகிறது. ஈரம் தாராளமாக வந்துகொண்டிருக்கும்வரை உப்பு வெளியே பூக்கிறது, துடைத்தால் போய்விடும். வெளியே வரும் வழியை அடைத்தாலோ, வெயில் உள்நோக்கி உலர்த்தினாலோ, உப்பு மேற்பரப்புக்குச் சற்று உள்ளே படிந்து, நுண்துளைகளின் சுவரை நெரித்துப் பிளக்கிறது. உதிர்வது அந்தப் பிளவுதான். காற்றுப் புகாத பெயிண்ட் இந்தப் படிவை உள்ளே தள்ளுவதோடு, ஈரத்தை இன்னும் மேலே ஏறவும் வைக்கும்.

உப்புகளில் சோடியம் சல்பேட் மிகப் பொல்லாதது. நீரற்ற படிகமாக இருந்த அது, ஈரம் பட்டதும் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு வேறு படிகமாகிறது. அப்போது அதன் கன அளவு மூன்று மடங்குக்கும் மேலாகிறது. கரைசலில் இந்த இரு வடிவங்களுக்கும் எல்லையாக இருப்பது 32.4 டிகிரி செல்சியஸ். நம் பக்கத்தில் ஆண்டின் பல மாதங்களில் பகல் வெயில் இந்த எல்லையைத் தாண்டும். இரவில் கீழே இறங்கிவிடும்.

பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தேய்த்துத் திரட்டி அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது திரும்ப உள்ளே போகும். தூணை ஒட்டித் தண்ணீர் தேங்குகிறதா, செடிக்கு ஊற்றுவது அடியில் இறங்குகிறதா என்று பார்த்து அதை முதலில் நிறுத்துங்கள். பிறகு பாலிதீன் தாள் ஒன்றைத் தூணில் நான்கு ஓரமும் ஒட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம் நீர்த்துளி கட்டினால் தூண் இன்னும் காயவில்லை. காய்ந்த பின்னும், நீரைத் தடுத்து ஆவியை வெளியேவிடும் சிலேன் வகைப் பூச்சே ஏற்றது. செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் சுண்ணாம்புக் காரைச் சுவர்கள் ஆவியைத் தடையின்றி வெளியேவிடக் கூடியவை. அவற்றின்மேல் சிமெண்ட் பூசியவர்கள் இதே தொல்லையைச் சுவரிலும் வரவழைத்துக்கொண்டார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

கேள்வி: பள்ளத்தூரில் புது வீடு கட்டுகிறோம். போர்த் தண்ணீர் உவர்க்கிறது. கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்கிவிட்டு, நீராற்றுவதற்கு (கான்கிரீட் இறுகும்வரை நனைத்து வைப்பதற்கு) மட்டும் போர்த் தண்ணீரைப் பயன்படுத்தலாமா?

பதில்: நாக்கை நம்பாமல் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456:2000-இன்படி, கம்பி வைத்த கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கும், சல்பேட் 400 மில்லிகிராமுக்கும் மேற்படக் கூடாது. இந்த அளவுக்குள் இருந்தால் இரண்டுக்குமே பயன்படுத்தலாம். மீறினால் நீராற்றவும் வேண்டாம். புதுக் கான்கிரீட்டின்மேல் ஊற்றும் நீர் நாள்தோறும் காய்ந்து காய்ந்து உப்பை மேலே சேர்த்துவிடும். நல்ல தண்ணீர் குறைவாக இருந்தால், நனைத்த சாக்கைப் போர்த்தி அதன்மேல் பாலிதீன் விரியுங்கள். சிறிதளவு நீரே போதும். இப்போது பெரும்பாலும் விற்பது சாம்பல், கசடு போன்றவை சேர்த்த கலப்புச் சிமெண்ட் ஆதலால், ஏழு நாளில் நிறுத்தாமல் குறைந்தது பத்து நாளாவது ஈரம் காயாமல் வைத்திருங்கள்.