உங்க வயலக் கேளுங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாத்தையும் ஒண்ணா வச்சுப் பாத்தா பாதிக்கு மேல ஒரே விஷயத்தத்தான் சுத்தி வருது. போன இதழ்ல வேளாண் சூழலியல் பத்தி, அதாவது இயற்கையோட போக்குலயே விவசாயம் பண்றதப் பத்தி எழுதினேன்ல, படிக்க நல்லாருக்கு, ஆனா நம்ம வயல்ல எப்படி செய்யறது, யாரோட சேர்ந்து செய்யறதுன்னு கேட்டிருக்கீங்க. அதனால மாட்டு நோய் கேள்வி, பயிர்க்கடன் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சிருக்கேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: 13 கொள்கைன்னு போட்டிருந்தீங்க. எனக்கு இருக்கறதே 2 ஏக்கர். 13ஐயும் எங்க போய் செய்யறது? (மன்னார்குடி வாசகர்)

13ஐயும் செய்யணும்னு யாரும் சொல்லலைங்க. உலக உணவுப் பாதுகாப்புக் குழுவோட நிபுணர்கள் 2019ல ஒரு அறிக்கை குடுத்தாங்க, வேளாண் சூழலியலுக்குன்னு அதுல சொன்னதுதான் அந்த 13 கொள்கை. மண் வளம், வெளியிலருந்து வாங்கற இடுபொருளக் குறைக்கறது, பண்ணைக் கழிவத் திரும்ப மண்ணுக்கே குடுக்கறது, பல பயிர், கால்நடை நலம், நியாயமான வருமானம், நிலத்துல யாருக்கு என்ன உரிமைங்கறது வரைக்கும் போகுது. அதுல ஒண்ணு, அறிவ சேர்ந்து உருவாக்கறது. என்னைக் கேட்டா அந்த ஒண்ணுலருந்துதான் ஆரம்பிக்கணும், ஏன்னா மத்த 12ம் ஒவ்வொரு மண்ணுக்கும் ஒவ்வொரு மாதிரிதான் வேல செய்யும், உங்க 2 ஏக்கர்ல எது வேல செய்யும்னு மன்னார்குடிக்கு வெளிய இருக்கற எவராலயும் சொல்ல முடியாது. இந்தப் பருவத்துல உங்கள ரொம்பப் படுத்தற ஒரே ஒரு பிரச்னைய எடுங்க. யூரியா செலவா, களையா, கடைமடைக்கு தண்ணி லேட்டா வர்றதா, எதுவா இருந்தாலும் சரி, அதை ஒரு கேள்வியா எழுதிப் பாருங்க. "மண்ண நல்லாக்கணும்"னு எழுதினா அது ஆசை. "தக்கைப்பூண்டு மடக்கி உழுதா எனக்கு ஒரு தடவ யூரியா போடறது மிச்சமாகுமா"ன்னு எழுதினா அது கேள்வி (தக்கைப்பூண்டு, பசுந்தாள் உரமா மண்ணுல மடக்கற செடி), அதுக்கு வயல் பதில் சொல்லும்.

கேள்வி: எங்க ஊர்ல ஒருத்தர் பஞ்சகவ்யா அடிச்சதும் பயிர் தூக்கிட்டு வந்துச்சுங்கறார், இன்னொருத்தர் காசுக்குப் புடிச்ச கேடுங்கறார். யாரை நம்பறது? (லால்குடி வாசகர்)

அண்ணே, ரெண்டு பேருமே பொய் சொல்லலன்னு வைங்க. ஒருத்தர் வயல் தலைமடை, இன்னொருத்தர் வயல் மேடு, ரகம் வேற, நட்ட நாள் வேற, அப்புறம் எப்படி ஒப்பிட முடியும், அதனால நீங்களே செஞ்சு பாத்துடுங்க, செலவு ஒண்ணும் பெருசா இல்ல.

20 சென்ட் ஒரே மாதிரி இருக்கற இடமா எடுத்து நடுவுல ஒரு வரப்பு போட்டு பாதியாக்குங்க. ஒரே நாத்து, ஒரே நாள் நடவு, ஒரே அடியுரம். ஒரு பக்கம் பஞ்சகவ்யா 3 சதம், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி. இன்னொரு பக்கம் அதே நாள் அதே அளவு வெறும் தண்ணி அடிங்க. ஏன் வெறும் தண்ணின்னு கேப்பீங்க, இலைல தண்ணி பட்டதாலயே கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி தெரியும், அடிக்கும்போது நீங்க வயலுக்குள்ள நடந்து களையப் பாத்து புடுங்கிடுவீங்க, அந்த கவனிப்பு ரெண்டு பக்கத்துக்கும் சமமா கிடைக்கணும்ல.

எந்தப் பக்கத்துக்கு எதுங்கறத நீங்க முடிவு பண்ணாதீங்க, சீட்டுக் குலுக்கிப் போடுங்க. இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. தக்கைப்பூண்டு மடக்கின பாதி ரொம்ப நல்லா வந்துச்சுன்னு ரெண்டு வருஷம் கூட்டத்துக்குக் கூட்டம் நான் பேசியிருக்கேன், அப்புறம்தான் அந்தப் பாதிலதான் அதுக்கு முந்தின கோடைல புழுக்கை உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்தது ஞாபகம் வந்துச்சு. நல்லா வரணும்னு நாம ஆசப்படற விஷயத்த நம்மள அறியாமலே நல்ல மண்ணுல வச்சிடறோம். கேட்டவங்க என்னை நம்பி செஞ்சாங்களேங்கற வருத்தம் இன்னும் இருக்கு.

அறுப்பு அன்னிக்கு ஓர வரிசைய விட்டுட்டு உள்ள 5 மீட்டருக்கு 5 மீட்டர் குச்சி நட்டு கயிறு கட்டி, அதுக்குள்ள இருக்கறத மட்டும் தனியா அறுத்து, அடிச்சு, காய வச்சு எடை போடுங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் மூணு இடத்துல எடுத்து சராசரி பாருங்க. அந்த எடைய 162ஆல பெருக்கினா ஏக்கர் கணக்கு வந்துடும். ஒரு பக்கம் 11 கிலோ, இன்னொரு பக்கம் 12 கிலோன்னா ஏக்கருக்கு 162 கிலோ வித்தியாசம், அதுக்கு நேரா செலவையும் வேலை நேரத்தையும் எழுதிப் பாருங்க.

ஆனா ஒரு வயல் பத்தாது. இதையே உங்க தெருவுல ஆறு பேர் செய்யணும். ஆறுல அஞ்சு பேர் வயல்ல ஒரே பக்கம் சாஞ்சா அடுத்த பருவமும் தொடரலாம், மூணுக்கு மூணுன்னு வந்தா அந்தக் காச வேற எதுக்காவது வச்சுக்கங்க.

கேள்வி: நான் பத்தாவது கூட முடிக்கல. நான் நோட்டுல எழுதி வைக்கறத ஆராய்ச்சின்னு எவன் ஏத்துப்பான்? (வந்தவாசி வாசகர்)

ஐயா, இந்தோனேசியா கதைய சொல்றேன். அங்க 1970, 80கள்ல புகையான்னு நெல்லுல சாறு உறிஞ்சற பூச்சி வந்து நெல்லு வட்டம் வட்டமா காஞ்சு தீஞ்சு போச்சு, அரசாங்கம் மானியத்துல பூச்சி மருந்து குடுத்துச்சு, குடுக்கக் குடுக்க புகையான் கூடிச்சே தவிர குறையல. காரணம் என்னன்னா மருந்துல முதல்ல செத்தது புகையானத் தின்ற சிலந்தியும் மத்த நன்மை செய்யற பூச்சியும். 1986ல நெல்லுக்கு 57 மருந்த தடை பண்ணாங்க. தடை போட்டா மட்டும் போதுமா, விவசாயி மனசுல மருந்து அடிக்காம விட்டா பயிர் போயிடும்ங்கற பயம் இருக்கே. அதுக்குத்தான் 1989ல உழவர் வயல்வெளிப் பள்ளின்னு ஆரம்பிச்சாங்க, கிட்டத்தட்ட 25 பேர், வாரத்துல ஒரு காலை, ஒரு பருவம் பூரா.

அங்க பாடப் புத்தகத்துக்கு வேல இல்ல. வயல்ல இறங்கி தூரப் பிரிச்சுப் பாத்து எந்தப் பூச்சி எத்தனைன்னு எண்ணி, பெரிய தாள்ல பயிர நடுவுல வரைஞ்சு, கெடுக்கற பூச்சி ஒரு பக்கம், காக்கற பூச்சி இன்னொரு பக்கம்னு வரைவாங்க, அப்புறம் இந்த வாரம் என்ன செய்யலாம்னு அவங்களே பேசி முடிவெடுப்பாங்க. ஒரு நெல்லுத் தூருக்கு வலையால மூடி உள்ள புகையானயும் சிலந்தியையும் விட்டு யாரு யாரத் தின்றாங்கன்னு உக்காந்து பாப்பாங்க. நாமளும் செய்யலாம், பழைய கொசுவலையே போதும். நான் ஒரு தடவ பத்து புகையானும் ரெண்டு சிலந்தியும் விட்டுட்டு மறுநாள் காலைல போய்ப் பாத்தேன், மிச்சம் இருந்தது மூணு புகையான். அத நேர்ல பாத்த பக்கத்து வயல்காரர் அன்னிக்கு அடிக்க வச்சிருந்த மருந்த எடுக்கவே இல்ல. நான் வாயால நூறு தடவ சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார்.

நம்ம பக்கமும் உண்டு. ஒற்றை நாற்று நடவு ஆரம்பிச்சது மடகாஸ்கர் தீவுல, 1980கள்ல, ஹென்ரி தெ லோலானியேன்னு ஒரு பிரெஞ்சு பாதிரியார் அங்கத்த விவசாயிங்களோட சேர்ந்து வருஷக்கணக்கா வயல்லயே பாத்துப் பாத்து சேத்தது. அது இங்க வந்தப்ப தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 2003-04ல தாமிரபரணிப் பாசனத்துல 100 விவசாயிங்க வயல்லயே பழைய முறையும் புது முறையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துச்சு, ஹெக்டேருக்கு சராசரியா ஒன்றரை டன் கிட்ட கூட வந்துச்சு. அந்தக் கணக்குல இருந்தது பூரா விவசாயி வயல்ல விளஞ்ச நெல்லு. கயிறு புடிச்சு சதுரமா நடறது முதுக ஒடிக்குதுன்னு பல ஊர்ல விவசாயிங்களே உருட்டிக் கோடு போடற மார்க்கர் செஞ்சுக்கிட்டாங்களே, அதுவும் ஆராய்ச்சிதாங்க. நோட்ட விடாம எழுதுங்க.

கேள்வி: கூட்டம்னா என் வீட்டுக்காரரத்தான் கூப்புடறாங்க. விதை எடுத்து வைக்கறது, களை எடுக்கறது, மாட்டப் பாக்கறது எல்லாம் நான். எனக்கும் ஒரு கேள்வி இருக்கு, துவரைய ஊடுபயிரா போட்டா வீட்டுக்குப் பருப்பாவது மிஞ்சுமா? (அரூர் வாசகி)

அம்மா, உங்க கேள்விதான் எனக்கு வந்ததுலயே நல்ல கேள்வி. ஆப்பிரிக்காவுல மலாவின்னு ஒரு நாடு, அதோட வடக்குப் பகுதில எக்வென்டெனிங்கற ஊர்ல 2000ல ஒரு ஆஸ்பத்திரிலருந்துதான் இந்த மாதிரி ஒரு வேல ஆரம்பிச்சுது. சத்துக்குறைவோட வர்ற புள்ளைங்களப் பாத்துட்டு, இத ஊசி மருந்தால தீர்க்க முடியாது வயல்லதான் தீர்க்கணும்னு விவசாயிங்கள கூட்டி உழவர் ஆய்வுக் குழுன்னு ஒண்ணு அமைச்சாங்க. மக்காச்சோளத்தோட துவரை, நிலக்கடலை, சோயான்னு பயறு வகைய விவசாயிங்களே தேர்ந்தெடுத்து போட்டுப் பாத்தாங்க. துவரையும் கடலையும் சேத்து போட்டா கடலை சீக்கிரம் வந்துடும், துவரை மெதுவா வளரும், ஒண்ணுக்கொண்ணு இடைஞ்சல் இல்ல, ரெண்டோட இலையும் மண்ணுக்கே போகும்.

போகப் போக என்ன தெரிஞ்சுதுன்னா விளைஞ்சா மட்டும் புள்ள வயித்துக்குப் போயிடாது. வேலை பொம்பளைங்க தலைல விழுது, வித்த காசு ஆம்பளைங்க கைக்குப் போகுது. அதனால சமையல் நாள்னு வச்சு ஆம்பளைங்களும் வந்து பயறு வகைல சமைக்கற மாதிரி பண்ணாங்க, வீட்டுல யாரு எதை முடிவு பண்றாங்கன்னு வெளிப்படையா பேச வச்சாங்க. மண்ணுல ஆரம்பிச்ச ஆராய்ச்சி அடுப்படி வரைக்கும் வந்துச்சு.

நீங்க ஒரு 10 சென்ட்ல ஆரம்பிங்க. எடை போடறதோட, எத்தனை நாள் களை எடுத்தீங்க, எத்தனை படி பருப்பு வீட்டுக்கு எடுத்து வச்சீங்கன்னும் எழுதுங்க. அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோட நீங்களே போங்க.

கேள்வி: விஞ்ஞானிங்க வர்றாங்க, மண்ணு எடுக்கறாங்க, போட்டோ எடுக்கறாங்க, அப்புறம் ஆளக் காணோம். இதுல என்ன கூட்டு இருக்கு? (பெயர் வேண்டாம்னு கேட்ட வாசகர்)

உங்க கோவம் நியாயம், எனக்கும் நடந்திருக்கு. ஒரு ஆபீஸ்லருந்து வந்து மண்ணு எடுத்துட்டுப் போனாங்க, ரிசல்ட் கேட்டு மூணு தடவ போனேன், கிடைக்கல. அதுக்கப்புறம் வயல்ல கால் வைக்கறதுக்கு முன்னாடியே பேசிடுவேன்: கேள்வி யாரோடது, தோத்தா நஷ்டம் யாருக்கு, முடிவு என்னிக்கு எங்க ஊருக்கு வந்து தமிழ்ல சொல்லுவீங்க. இதுக்கு ஒத்துக்கிட்டா மண்ணு எடுக்கலாம்.

நல்லா நடந்த இடமும் இருக்கு. கென்யாவுல இசிபேங்கற பூச்சி ஆராய்ச்சி மையம் மக்காச்சோளத் தண்டுத் துளைப்பானுக்கு ஒரு வழி பண்ணாங்க, வரிசைக்கு நடுவுல டெஸ்மோடியம்னு ஒரு பயறு வகைச் செடி, அந்த வாசனைக்கு துளைப்பானோட தாய் அந்துப்பூச்சி ஓடும், வயலச் சுத்தி நேப்பியர் புல்லு, அதுக்கு மயங்கி அங்க போய் முட்டை வைக்கும். வயல்ல பாத்தா சுடுமல்லின்னு நாம சொல்ற வகைல வர்ற ஸ்ட்ரைகா ஒட்டுண்ணிக் களையும் சேந்து அடங்கிடுச்சு, மாட்டுக்குத் தீவனமும் கிடைச்சுது. எல்லாம் சரி, வரிசைக்கு நடுவுல டெஸ்மோடியம் நின்னா நாங்க போடற அவரைய எங்க போடறதுன்னு விவசாயிங்க கேட்டாங்க. அப்புறம் அவரையையும் சேத்து சோதிச்சுப் பாத்தாங்க. அப்படிக் கேக்க இடம் இருந்தாத்தான் அதுக்குப் பேரு கூட்டு.

நம்ம வேளாண் அறிவியல் நிலையத்துக்கு (முதல் நிலையம் 1974ல புதுச்சேரிலதான் வந்துச்சு) வயல்வெளி ஆய்வு நடத்தறது அவங்க கடமைலயே வருது. ஆறு பேர் கையெழுத்து போட்டு உங்க கேள்விய எழுதிக் குடுங்க, தனியாளா போறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியும். இன்னொண்ணு, நீங்க தேர்ந்தெடுத்துக் காப்பாத்தின விதைக்கு 2001 பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி உங்க பேர்லயே பதிவு கேக்கலாம், விதைய சேமிக்கலாம், மாத்திக்கலாம், விக்கவும் செய்யலாம், பிராண்டு பேர் போட்டுத்தான் விக்கக்கூடாது.

கேள்வி: சம்பாவுக்கு இந்த ஒப்பீட்ட வைக்கணும்னா எப்ப தயாராகணும்? (சீர்காழி வாசகர்)

இப்பவே ஆறு பேரப் பிடிங்க தம்பி. நாத்து விடறதுக்கு முன்னாடி ஒரு நாள் சாயங்காலம் உக்காந்து கேள்விய முடிவு பண்ணிடுங்க, பாரம்பரிய ரகம்தான் சோதிக்கணும்னா எல்லாரும் ஒரே இடத்து விதையா எடுத்துக்கங்க, இல்லன்னா வித்தியாசம் ரகத்துலயா விதைலயான்னு தெரியாது. நோட்டு ஆறு, கயிறு ஒரு கண்டு, கொசுவலை ஒண்ணு. அறுப்பு சமயத்துல நல்ல தராசு யாருக்கும் சும்மா இருக்காது, இரவலுக்கு இப்பவே சொல்லி வச்சிடுங்க.