அப்பா ஒப்பந்தத்தில் வந்தவர். மகன் எதற்குக் குடியுரிமை வாங்க வேண்டும்?

கேள்வி: என் அப்பா இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத் தமிழர்களைப் பங்கிட்டுக்கொள்ள இலங்கையும் இந்தியாவும் 1964ல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 1974ல் அம்மாவையும், 1970ல் அங்கே பிறந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு கப்பலில் வந்தார். கோத்தகிரியில் டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலை நிறுவனம்) தோட்டத்தில் வேலை பார்த்து 2009ல் காலமானார். நான் 1979ல் கோத்தகிரியில் பிறந்தேன். மனைவி மேட்டுப்பாளையம், 1983. எங்கள் மகனுக்கு (2006) பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தோம். ஒரு புரோக்கர்தான் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். இப்போது குடியுரிமைச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புரோக்கர், “ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது, உங்கள் குடும்பமே புதிதாகக் குடியுரிமை வாங்க வேண்டும், 45,000 ரூபாய் ஆகும்” என்று சொல்லி அப்பாவின் பழைய பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருக்கிறார். அக்காவுக்கும் இதே சிக்கல் வருமா? 1990ல் படகில் வந்து முகாமில் இருக்கும் சித்தப்பா குடும்பத்துக்கும் இதே வழிதானா?

பதில்: முதலில் அந்த ஆளிடமிருந்து அப்பாவின் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம். கொடுக்கத் தயங்கினால் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பேன் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிடும்.

உங்கள் கடிதம் முழுக்க அப்பாவின் கதை. ஆனால் உங்கள் குடியுரிமைக்கு அப்பாவின் கதையே தேவையில்லை. 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் பாருங்கள். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். பெற்றோர் எந்த நாட்டவர் என்று அந்தக் காலகட்டத்துக்குச் சட்டம் கேட்பதில்லை. நீங்கள் 1979, மனைவி 1983. இரண்டு பேரும் பிறப்பால் இந்தியர்கள். 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்தவர்களுக்கு விதி இறுக்கமானது. ஆனால் தாய், தந்தை இருவரும் குடிமக்களாக இருந்தால் அங்கேயும் கேள்வி இல்லை. ஆக உங்கள் மகனும் பிறப்பால் இந்தியர். ஒப்பந்தம், சாஸ்திரி, சிறிமாவோ, அட்டன் எதுவும் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

இது என் சொந்த வியாக்கியானம் அல்ல. 1986ல் மண்டபம் முகாமில், அகதிகளாக வந்த பெற்றோருக்குப் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அங்கே பெற்றோர் இருவருமே இலங்கையர். பிறந்த தேதிதான் வழக்கை முடித்தது. ஒரு தேதியைப் படித்துப் பார்க்க நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது என்பதுதான் நம் அலுவலகங்களின் லட்சணம்.

அப்படியானால் மகனின் விண்ணப்பம் ஏன் நின்றது? நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தேன். ‘எவ்வகையில் இந்தியக் குடியுரிமை’ என்ற கட்டத்தில் பிறப்பு, வம்சாவளி, பதிவு என்று வரிசையாக இருக்கும். புரோக்கர் ‘பதிவு’ என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். தாத்தா பதிவின் மூலம் குடியுரிமை பெற்றவர் என்று எங்கோ காதில் விழுந்ததைப் பேரனின் படிவத்தில் போட்டுவிட்டார். பதிவு என்று நீங்களே எழுதினால் பதிவுச் சான்றிதழைக் கேட்கத்தான் செய்வார்கள். இதற்கு மட்டும் அலுவலகத்தைக் குறை சொல்ல மாட்டேன். தவறாக நிரப்பப்பட்டது என்று ஒரு கடிதம், மகனின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு நேரில் போய்த் திருத்தக் கேளுங்கள். திருத்த முடியாது என்றால் அந்த விண்ணப்பத்தை முடித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். இன்னொரு முறை கட்டணம் போகும். 45,000 போவதற்கு அது பரவாயில்லை.

உங்களுக்கு 1979ல் பிறப்புச் சான்றிதழ் எடுக்காமல் விட்டிருக்கலாம். தோட்டத்தில் பிறந்த பலருக்கும் அப்படித்தான். முதலில் உள்ளாட்சி அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் பதிவேட்டைத் தேடச் சொல்லுங்கள். பெயர் இல்லாமல் ‘ஆண் குழந்தை’ என்று அப்பா பெயருடன் மட்டும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அப்பா பெயரை வைத்துத் தேடச் சொல்லுங்கள். உண்மையிலேயே பதிவு இல்லையென்றால், ‘இல்லை’ என்று எழுத்தில் சான்று வாங்கி, வருவாய்க் கோட்டாட்சியரிடம் தாமதப் பதிவுக்கு மனு கொடுக்க வேண்டும். ஆதாரையும் ரேஷன் கார்டையும் நீட்டிப் பயனில்லை. ஆதார் குடியுரிமைக்குச் சான்றல்ல என்று அதற்கான சட்டமே சொல்கிறது.

இப்போது அந்த 45,000 ரூபாய்ச் சமாச்சாரம். பணம் போனால் போகிறது என்று இதை விட முடியாது. ‘புதிதாகக் குடியுரிமை’ என்று அவர் சொல்வது அதே குடியுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின் கீழ் போடும் விண்ணப்பம். அது வெளிநாட்டவருக்கானது. அதில் கையெழுத்துப் போட்டால் ‘நான் இந்தியன் அல்ல’ என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகும். எந்த நாட்டுப் பாஸ்போர்ட், எந்த விசாவில் வந்தாய் என்று கேட்பார்கள். கோத்தகிரியில் பிறந்த நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? இப்படிப் போட்டு, நிராகரிக்கப்பட்டு, பிறகு அந்தக் கோப்பையே எதிர்ச் சான்றாகச் சுமந்துகொண்டு என்னிடம் வந்த குடும்பங்கள் உண்டு. இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்டு நோயை வரவழைத்துக்கொண்ட கதை.

இன்னொரு வகைப் புரோக்கர், ‘2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் போட்டு வாங்கித் தருகிறேன்’ என்பார். அந்தத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும். இலங்கை அதில் இல்லை. கதவைத் திறந்து வெளியே அனுப்பிவிடுங்கள்.

‘ஒப்பந்தம் காலாவதி’ என்பதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது ஆளைப் பயமுறுத்துகிறது. 1948ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30ல் இரு பிரதமர்களும் கையெழுத்திட்டபோது கணக்கு 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்வது என்று முடிவானது. 1974ல் அவர்களையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 15 ஆண்டுகளில் முடிப்பதாகச் சொன்ன வேலை நீட்டிக்கப்பட்டு, 1981 அக்டோபரோடு கெடு தீர்ந்தது. காலாவதியானது அந்தக் கெடுதான். அதற்குள் குடியுரிமை பெற்றவர்களின் குடியுரிமை எங்கேயும் போகவில்லை.

உங்கள் அப்பா வெறும் ஒப்பந்தத்தை நம்பிக் கப்பல் ஏறவில்லை. கண்டியில் இருந்த இந்திய அலுவலகம் அவரைக் குடிமகனாகப் பதிந்து, இந்தியப் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் கொடுத்த பிறகுதான் தலைமன்னாரில் ஏறினார். ராமேஸ்வரத்தில் இறங்கும்போதே அவர் இந்தியர். ‘தாயகம் திரும்பியோர்’ என்ற பெயரே அதற்காக வந்ததுதான். 1983க்குப் பின் உயிருக்குப் பயந்து வந்தவர்கள் அகதிகள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் எழுத்தர் இல்லாத அலுவலகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. சலுகை கிடைக்கும் என்று யார் சொன்னாலும், எந்தப் படிவத்திலும் உங்கள் குடும்பத்தை ‘இலங்கை அகதி’ என்று எழுத விடாதீர்கள்.

அந்தப் பாஸ்போர்ட்டை ஏன் உடனே வாங்கச் சொன்னேன் என்றால், அது உங்கள் அக்காவுக்கு வேண்டும். அட்டனில் பிறந்தவர் என்பதால் அவர் பிறப்பால் இந்தியர் என்று சொல்ல முடியாது. அப்பாவின் காகிதத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளின் பெயர் எழுதிய பக்கத்தைப் பாருங்கள். அக்கா பெயரும் பிறந்த தேதியும் அதில் இருக்க வேண்டும். அடுத்து, அப்பா பதிவான தேதி. அக்கா பிறந்தபோதே அப்பா பதிவாகியிருந்தால் வம்சாவளி. பிற்பாடு என்றால் சிறுமியாக அப்பாவோடு சேர்த்துப் பதிவு. அவருடைய படிவத்தில் அதற்கேற்ற கட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டின் தேதி முடிந்து ஐம்பது வருடம் ஆகப்போகிறதே என்று கவலை வேண்டாம். பயணம் செய்யத்தான் அது செல்லாது, குடியுரிமை அதோடு தீர்ந்துபோவதில்லை. நைந்திருக்கிறது என்று லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். முத்திரையைத் தடவிப் பார்க்க முடியாத ஆவணத்தை ஒதுக்கிவிடுவார்கள்.

பாஸ்போர்ட் திரும்பக் கிடைக்காமலே போனாலும் வழி உண்டு. டேன்டீ பணிப் பதிவேடு, தாயகம் திரும்பியோருக்கான ரெப்கோ வங்கியில் அப்பா உறுப்பினராக இருந்தால் அந்த ஆவணம், ஆட்சியர் அலுவலகத்தின் மறுவாழ்வுப் பிரிவில் இருக்கும் குடும்ப அட்டை விவரம், கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகர் அலுவலகத்தின் பதிவேடு எல்லாவற்றுக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராது, மேல்முறையீடு செய்யுங்கள், வரும். புரோக்கர்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு செய்வதும் பல நேரம் இதே 10 ரூபாய் மனுதான்.

சித்தப்பா விஷயம் வேறு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இங்கே ஒரு சின்ன வித்தியாசம் மூன்று தலைமுறையைப் புரட்டிப் போடும். அவர் 1990ல் படகில் வந்தார், அகதியாகப் பதிவானார். சரி, அதற்கு முன்னால் என்ன நடந்தது? கண்டியில் இந்தியப் பாஸ்போர்ட் வாங்கிய பிறகும் கிளம்ப முடியாமல் போனவர்கள் ஏராளம். சேமலாப நிதி (இங்கே பி.எஃப். என்கிறோமே, அது) வரவில்லை, பணிக்கொடை வரவில்லை என்று காத்திருந்தார்கள். 1984ல் கப்பலே நின்றுபோனது. அவர்களில் ஒருவர் பிறகு படகில் வந்தால், சட்டப்படி அவர் தன் நாட்டுக்குத் திரும்பிய இந்தியர். ஆனால் கரையில் எழுதியவர் ‘இலங்கை’ என்று எழுதியிருப்பார், ரேஷன் வேண்டுமே என்று இவரும் தலையாட்டியிருப்பார். அந்தப் பதிவு தவறானது. அது குடியுரிமையை ரத்து செய்யாது.

சித்தப்பா அந்த வகையா என்பதுதான் கேள்வி. பதிவோ பாஸ்போர்ட்டோ இருந்தால், 1990க்குப் பின் முகாமில் பிறந்து 2004 டிசம்பர் 2க்குள் வரும் பிள்ளைகளுக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகன் என்பதே போதும், அவர்களும் இந்தியர்கள். அதற்குப் பின் பிறந்த பிள்ளையோ பேரப்பிள்ளையோ என்றால் பெற்றோரில் மற்றவரின் காகிதமும் பார்க்க வேண்டும், ஆகவே சித்தியின் ஆவணங்களையும் தேடுங்கள். வெறுமனே விண்ணப்பம் மட்டும் போட்டிருந்தார், பதிவு ஆகவில்லை என்றால் இந்த வாதம் நிற்காது. அப்போது மத்திய அரசிடம் மனு, பிறகு நீதிமன்றம் என்ற நீண்ட வழிதான். அதற்கு வழக்கறிஞர் வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இலங்கை 2003ல் ஒரு சட்டம் போட்டு, 1964 அக்டோபர் முதல் அங்கே வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் குடியுரிமை கொடுத்தது. நல்ல சட்டம்தான். ஆனால் ‘கையில் இருக்கட்டும், இரண்டும் வைத்துக்கொள்ளலாம்’ என்று சொல்லி முகாமில் இருப்பவரிடம் இலங்கைக் குடியுரிமைக்குக் கையெழுத்து வாங்குவது வேறு. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் நம் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். சித்தப்பா இதுவரை அப்படி எதிலாவது கையெழுத்துப் போட்டாரா என்று முதலில் கேளுங்கள். போடவில்லையென்றால், முகாமுக்குக் கொண்டுவந்த பெட்டியில் கண்டி முத்திரை உள்ள ஒரு துண்டுக் காகிதமாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கிடைத்தால் நகல் மட்டும் அனுப்புங்கள். அசலை எனக்கும் அனுப்ப வேண்டாம்.