கல்லுத்தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பிளாஸ்டிக் போகும், நைத்திரேற்று போகாது

கேள்வி: எங்கள் வீடு யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. கேத்திலின் அடியில் மாதம் ஒருமுறை வெள்ளைப் படை பெயர்க்க வேண்டியிருக்கும். அதனால் இரண்டு வருடமாகக் குடிக்க 20 லீற்றர் கலன்களில் ஆர்.ஓ. தண்ணீர் (நுண்சவ்வு வழியே செலுத்திச் சுத்தம் செய்தது) வாங்குகிறோம். தண்ணீரைக் கொதிக்கவைத்தாலே பிளாஸ்டிக் துகள்கள் போய்விடும், அதுவும் சுண்ணாம்பு கூடிய கல்லுத்தண்ணீரில்தான் நன்றாகப் போகும் என்று ஒரு சீன ஆய்வு சொல்வதாக வாசித்தோம். கலனை நிறுத்திவிட்டுக் கிணற்றுத் தண்ணீரையே கொதிக்கவைத்துக் குடிக்கலாமா? போத்தல் பால் குடிக்கும் நான்கு மாதக் குழந்தையும் வீட்டில் உண்டு.

பதில்: பெரியவர்கள் குடிக்கலாம், ஆனால் உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் நீரில் கலக்கும் நைத்திரேற்று என்ற உப்பின் அளவைப் பரிசோதனை அறிக்கையில் பார்த்த பிறகு. குழந்தையின் பாலுக்கு, அந்த அறிக்கை கைக்கு வரும்வரை, கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கொதிக்கவைத்ததும் வேண்டாம்.

நீங்கள் வாசித்த ஆய்வு உண்மையானதுதான். சீனாவின் குவாங்சோ நகர ஆய்வாளர்கள் 2024 பெப்ரவரியில் வெளியிட்டது. குழாய்த் தண்ணீரில் பிளாஸ்டிக் துகள்களைக் கலந்து, ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, எவ்வளவு மிஞ்சியது என்று அளந்தார்கள். தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது சுண்ணாம்பு போன்ற கரைந்த தாதுக்களின் அளவு, லீற்றருக்கு 80 மில்லிகிராமாக இருந்தபோது 34 சதவீதத் துகள்கள் நீங்கின. 180 ஆனபோது 84 சதவீதம். 300 ஆனபோது ஏறத்தாழ 90 சதவீதம். சுண்ணாம்பு அதனிலும் குறைந்த மென்னீரில் கால்வாசிதான். இலங்கையின் குடிநீர்த் தரம் கடினத்தன்மைக்கு வைத்திருக்கும் மேல் எல்லை 250. வலிகாமத்துச் சுண்ணக்கல்லில் ஊறி வரும் கிணற்று நீர் அந்த எல்லையைத் தொடுவதும் தாண்டுவதும் புதினமல்ல. கேத்திலைக் கெடுக்கிறது என்று நாம் திட்டித் தீர்க்கும் அதே சுண்ணாம்புதான் இங்கே வேலை செய்கிறது.

எப்படி என்றால், நிலத்தடி நீரில் கல்சியம் இருகாபனேற்றாகக் கரைந்து கிடக்கும். சூடேறும்போது காபனீரொட்சைட்டு ஆவியோடு வெளியேறிவிட, கரையாத கல்சியம் காபனேற்று பொடியாக விழும். அந்தப் பொடி திரள்வதற்கு ஒரு பிடி தேவை. மிதக்கும் பிளாஸ்டிக் துகளே அந்தப் பிடியாகி, அதன்மேல் சுண்ணாம்பு ஓடு கட்டுகிறது. 300 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள தண்ணீரில் ஐந்து லீற்றருக்குக் கூடியது ஒன்றரைக் கிராம் சுண்ணாம்பு. அதில் ஒரு பங்கு அடியில் படியும், ஒரு பங்கு மேலே மெல்லிய ஆடையாக மிதக்கும். ஆறிய தேத்தண்ணியின் மேல் மினுங்குமே, கிட்டத்தட்ட அதே ஏடுதான்.

ஆனால் சவர்க்காரம் நுரைக்காத கடினநீர் எல்லாமே இதற்கு உதவும் என்றில்லை. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவரும் இருப்பதுபோலவே, குடாநாட்டு நன்னீர் முழுவதும் கடல்நீரின்மேல் வில்லையாக மிதக்கிறது. கரையோரத்திலும், அளவுக்கு மிஞ்சி இறைக்கும் இடங்களிலும் உவர் மேலேறும். அந்தத் தண்ணீரின் கடினத்தன்மையில் பெரும்பங்கு மகனீசியம், கல்சியக் குளோரைட்டுகள். அவை கொதித்தாலும் படியா. எனவே சவர்க்காரச் சோதனையை நம்பாமல் கொதிச் சோதனை செய்யுங்கள்: ஒரு லீற்றர் தண்ணீரைச் சுத்தமான எவர்சில்வர் சட்டியில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். வெண்மையாகக் கலங்கி, அரை மணித்தியாலத்தில் அடியில் பொடி தெரிந்தால் உங்கள் தண்ணீர் இந்த முறைக்கு ஏற்றது. உங்கள் கேத்தில் கட்டும் படையைப் பார்த்தால் அது தெரியும் என்றே நினைக்கிறோம்.

வீட்டில் செய்யும்போது பிழைப்பது பெரும்பாலும் பாத்திரத்தில். மின் கேத்தில் கொதி வந்ததும் தானாக நின்றுவிடும், ஐந்து நிமிடம் கிடைக்காது. அதன் உட்சுவர் பிளாஸ்டிக் என்றால் நீக்க வந்ததையே திரும்பச் சேர்க்கிறோம். எவர்சில்வர் சருவப்பானையில், தளதளவென்று கொதி வந்தபின் மணிக்கூட்டைப் பார்த்து ஐந்து நிமிடம். அடுப்பிலிருந்து இறக்கியதும் கரண்டியால் கிளறவேண்டாம், வேறு பாத்திரத்துக்கு உடனே மாற்றவும் வேண்டாம். மூடி, ஆடாமல் வையுங்கள். இரவு கொதிக்கவைத்துக் காலையில் தெளிந்த நீரை எடுப்பது வசதி. மேல் ஏட்டைக் கரண்டியால் ஒதுக்கி, மெதுவாகச் சரித்து ஊற்றி, அடியில் மிஞ்சும் இரண்டு விரற்கடை நீரைக் கொட்டிவிடுங்கள். ஊற்றும்போது நாலு மடிப்புப் பருத்தித் துணியிலோ, கோப்பி வடிக்கும் காகிதத்திலோ வடித்தால் இன்னும் நல்லது. நைலோன் வலை வடி வேண்டாம், அதுவும் பிளாஸ்டிக்.

வடிக்காத தண்ணீரில் தேசிக்காய் பிழிந்தால் செய்த வேலை பாழ். புளிப்பு காபனேற்றைக் கரைக்கும், ஓடு உடைந்ததும் உள்ளே இருந்த துகள் தண்ணீரில் கலக்கும். வயிற்று அமிலமும் அதையேதான் செய்யும். கொதிக்கவைப்பது பாதி வேலை, தெளியவைத்து வடிப்பதே மற்றப் பாதி. வினாகிரி ஊற்றிப் பானைப் படையைக் கரைக்கும் நாளில் அந்தத் தண்ணீர் முழுவதையும் கொட்டி, பிறகு இரண்டு தரம் அலசுங்கள்.

பிளாஸ்டிக் துகள் உடலுக்கு என்ன செய்கிறது என்பதில் இன்னும் நிதானம் தேவை. 2024 மார்ச்சில் வந்த இத்தாலிய ஆய்வு, கழுத்து நாடியின் கொழுப்புப் படிவை அறுவையில் எடுத்த 257 பேரைப் பின்தொடர்ந்தது. 58 சதவீதமானவர்களின் படிவில் பொலித்தீன் இருந்தது. அவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேரும் அபாயம் மற்றவர்களைவிட நான்கரை மடங்கு. கனமான எண்தான், ஆனால் இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, பிளாஸ்டிக்தான் காரணம் என்று நிறுவவில்லை. குழந்தையை நினைத்து முதலில் கவலைப்படவேண்டியது இதற்கல்ல, நைத்திரேற்றுக்கு.

செம்மண்ணில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் உரமும், மலசலகூடக் குழிகளின் கசிவும் சுண்ணக்கல் வெடிப்புகள் வழியே தடையின்றி இறங்குகின்றன. அந்த நைத்திரேற்று நிறம், மணம், சுவை எதையும் காட்டாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் உடலில் அது நைத்திரைற்றாக மாறி, ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்காதபடி ஆக்கிவிடும். உதடும் நகமும் நீலம் பாரித்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அது போத்தல் பால் குடிக்கும் குழந்தைகளை மனதில் வைத்தே வகுக்கப்பட்டது. கொதிக்கவைத்தால் நைத்திரேற்று குறையாது, தண்ணீர் வற்ற வற்றச் செறியும். லீற்றருக்கு 45 மில்லிகிராம் உள்ள ஐந்து லீற்றரை நான்கு லீற்றராக வற்றவிட்டால் 56 ஆகிவிடும். எல்லைக்குள் இருந்த தண்ணீரை அடுப்பே எல்லை தாண்ட வைக்கிறது. கரி வடிகட்டியும் களிமண் வடிகட்டியும் புறவூதா விளக்கும் நைத்திரேற்றைத் தொடாது. உப்புப் போட்டு இயக்கும் கடினநீர் மென்மையாக்கியும் அப்படியே. மேலதிகமாக, அது கல்சியத்தை எடுத்துவிடுவதால் மேலே சொன்ன கொதி முறையும் பலிக்காது. எதிர்ச் சவ்வூடுபரவல், அதாவது உங்கள் ஆர்.ஓ., குறைக்கும்.

பரிசோதனைக்குத் தண்ணீரை எங்கே கொடுப்பது என்று உங்கள் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். வாளித் தண்ணீரல்ல, பத்து நிமிடம் மோட்டர் ஓடியபின் வரும் நீரை, அதே நீரால் மூன்று தரம் அலசிய போத்தலில் பிடித்து, ஐஸ் வைத்து அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். மாரி மழை மேலே கிடக்கும் உரத்தையும் கழிவையும் அடித்துக்கொண்டு இறங்குவதால், கோடையில் ஒருமுறை, மாரி ஓய்ந்தபின் ஒருமுறை என்று இரண்டு அறிக்கை எடுப்பது நல்லது. அறிக்கையில் ‘நைத்திரேற்று’ என்றிருக்கிறதா, ‘நைத்திரேற்று நைதரசன்’ என்றிருக்கிறதா பாருங்கள். இரண்டாவதாக இருந்தால் 4.43 ஆல் பெருக்கவேண்டும். ‘12’ என்று கண்டு நிம்மதிப்பட்டவருடைய தண்ணீர் உண்மையில் 53.

கலன் தண்ணீரும் பிளாஸ்டிக் இல்லாததல்ல. அமெரிக்காவில் விற்கும் போத்தல் தண்ணீரை 2024 ஜனவரியில் ஆராய்ந்தவர்கள் லீற்றருக்குச் சராசரியாக 2 இலட்சத்து 40 ஆயிரம் துகள்களைக் கண்டார்கள்; பத்தில் ஒன்பது ஒரு மைக்ரோனுக்கும் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியவை. அவற்றில் நைலோன் வகைப் பிளாஸ்டிக்கான பொலியமைட்டும் இருந்தது. தண்ணீரைச் சுத்தம் செய்யும் சவ்வுகளிலிருந்தே அது வந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். ஆனாலும் குழந்தைக்கு இப்போதைக்கு அதுதான் சரி. கலனை வெயிலில் வைக்காதீர்கள். வாங்கும் இடத்தில் சவ்வு மாற்றும் ஒழுங்கை விசாரியுங்கள். கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் கையடக்க டி.டி.எஸ். மானி, சவ்வு வேலை செய்கிறதா என்பதைக் காட்டுமே தவிர நைத்திரேற்றை அளக்காது.

பால் கரைக்கும் விதத்தில் ஒரு மாற்றம் செய்யுங்கள். பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பால் போத்தலில் 70 பாகை வெந்நீர் ஊற்றிக் குலுக்கினால் லீற்றருக்கு 1 கோடி 60 இலட்சம் துகள்கள் வரை உதிரலாம் என்று 2020 இல் டப்ளின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பால்மாவிலுள்ள கிருமி சாக 70 பாகைச் சூடு வேண்டும், அதைக் குறைக்கக்கூடாது. கொதிநீரில் அவித்த கண்ணாடி அல்லது எவர்சில்வர் குவளையில் சூடாகக் கரைத்து, குடிக்கும் பதத்துக்கு ஆறியபின் போத்தலில் ஊற்றுங்கள். அவித்த போத்தலைக் கொதித்தாறிய ஆர்.ஓ. தண்ணீரால் மூன்று தரம் அலசியபின்.